கொன்றைக்கு ஜாமீன்

எங்கள் மலையில் ஒரு மரம் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பலா நிற்கலாம், காய்க்கிறது. சில்வர் ஓக் எதையும் தின்னக் கொடுக்காது, ஆனால் மிளகுக் கொடியைச் சுமக்கிறது, அதனால் நிற்கலாம். காபிக்கு நிழல் கொடுக்கிற மரமும் நிற்கலாம். ஒரு வேலையும் செய்யாமல் ஒரு மரம் சும்மா நின்றால் பார்க்கிறவர்களுக்குக் கை அரிக்கும், அருவாளைத் தேடுவார்கள். ரோட்டோரத்தில் புதிதாகக் கரண்ட் கம்பம் நட்டபோது, "இதுல மிளகு ஏத்துனாப் புடிக்குமாங்க?" என்று லைன்மேனிடம் கேட்ட ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா கட்டட வேலைக்கு மலையிலிருந்து இறங்கிப்போய் அடிவாரத்திலேயே தங்கிவிட்டவர். கீழ்நாடு என்று மலையில் சொல்கிற அங்கேதான் நான் பிறந்து வளர்ந்தேன். பிறகு சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று என்னைத் திரும்ப மலையேற்றி வளப்பூர் நாட்டில் கொடுத்தார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், வீட்டுக்காரர், மாமியார். நாலாவதாக ஒரு ஆள் வர வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. வரவில்லை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்வதற்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாமியார் ஒருநாளும் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்வார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், எனக்குக் கேட்கிற தூரத்தில் கோழியை நிறுத்திவைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"தின்னுபோட்டுத் தின்னுபோட்டுத் திரியற. ஒரு முட்டைக்கு வக்கில்ல. உன்னை எந்த நேரத்துல இந்த ஊட்டுக்குக் கொண்டாந்தனோ!"

கோழி பாவம், ஒன்றும் புரியாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அது தினமும் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்தது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருசக்கணக்காகப் போய்வந்தோம். விடிகாலை பஸ்ஸில் இறங்கினால் ராத்திரி வீடு வந்து சேருவோம். அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மே பிளவர் மரம் நின்றது. செம்மயிற்கொன்றை என்று அதன் அடியில் பலகை வைத்திருந்தார்கள். மே மாதத்தில் இலையே தெரியாமல் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அதன் நிழலில்தான் எங்களைப் போன்றவர்கள் சீட்டு எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்போம். அங்கே இருந்த அத்தனை பெண்களையும் அவரவர் ஊர் ஒரே கேள்வி கேட்டுத்தான் அங்கே அனுப்பியிருந்தது. அந்த மரத்தை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூத்திருக்கிறதா, போதும், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த மரத்தின் மேல் முதலில் வந்தது பொறாமைதான். ஆசை அப்புறம்தான் வந்தது.

"இனிமே அலைய வேண்டாம்மா" என்று டாக்டர் சொன்ன நாளில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இத்தனை வருசம் வந்துபோய் வெறுங்கையோடா திரும்புவது? மரத்தடியில் காய்ந்து விழுந்திருந்த நெற்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். கை நீளத்துக்கு, கறுப்பாக, வளைந்து, வாள் மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். பஸ்ஸில் கண்டக்டர்தான் கேட்டார். "அக்கா, வாளைக் கொஞ்சம் கீழ வைங்க. வளைவுல திரும்பறப்ப ஆரையாச்சும் குத்திப்போடும்." நான் வைக்கவில்லை. மலை ஏறும்வரை மடியில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

நெற்றைப் பிளந்தால் உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக ஓர் அறை. நல்ல குடித்தனம். விதைகளை எடுத்து, பால் கவரில் செம்மண்ணும் ஆட்டெருவும் நிரப்பி ஊன்றினேன். தண்ணீர் ஊற்றினேன். காத்திருந்தேன். கவருக்குள் மழைக்காலத்துப் பாசி வந்தது, பூரான் வந்தது, விதை மட்டும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் ஊன்றியபடியே பளபளவென்று கிடந்தது. கொழுப்புப் பிடித்த விதை.

அப்புறம் சோளக்காட்டுக்குப் போன ஒருநாள், சிக்னல் கிடைத்ததும் செல்போனில் தேடினேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு தம்பி, கையில் ஒரு துளி மண் ஒட்டாமல் விவசாயம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "விதை தூங்குது நண்பர்களே! நாமதான் அதை எழுப்பணும் நண்பர்களே!" என்றார். அந்த விதையின் தோல் கல் மாதிரியாம், தண்ணீர் உள்ளே போகாதாம். உப்புத்தாளில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, உள்ளே வெள்ளை லேசாகத் தெரிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். ஆள் கோமாளியாக இருந்தாலும் சொன்னது சரிதான், அதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

உப்புத்தாளுக்கு எங்கே போவது? அம்மியில் தேய்த்தால் வழுக்கியது. பரணில் ஒரு உரைகல் கிடப்பது ஞாபகம் வந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாம் உரைத்துக் கொடுக்கிற சின்னக் கல். மாமியார் தன் பிள்ளைகளுக்கு உரைத்தது. நான் வந்த நாளிலிருந்து அதற்கு வேலை இல்லை. இறக்கிக் கழுவி வாசல் சுவர்மேல் வெயிலில் காயவைத்தேன். இதுதான் நான் செய்தது. கழுவிய கல்லைக் காயவைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனவர் கல்லைப் பார்த்தார். நின்றார். ஆட்டை விட்டுவிட்டு ஊருக்குள் போனார். அவ்வளவுதான். எங்கள் மலையில் செல்போன் சிக்னல் கிடைக்க மரத்தில் ஏற வேண்டும். இந்தச் செய்திக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "உரைகல்லு பரணை விட்டு எறங்கிருச்சு! கீழ்நாட்டுப் புள்ள முழுகாம இருக்குது!" மத்தியானத்துக்குள் என் வாசலில் மாங்காய் வந்தது, புளி வந்தது. ஒருத்தி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையன்தான் என்று முடிவும் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அது மரம் மொளைக்க வெக்கறதுக்கு. வெதையத் தேய்க்கறதுக்கு."

"சொல்லு சொல்லு. கண்ணு பட்டுரும்னு மறைக்கற. எங்களுக்குத் தெரியாதா?"

அன்றைக்குச் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோயிருந்த மாமியாருக்குத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே சேதி கிடைத்துவிட்டது. இறங்கியவர், அதே பஸ் திரும்பிப் போகும்போது அதிலேயே ஏறிச் சோளக்காட்டுக்குப் போய், மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். ஓசியில் கிடைத்தாலொழிய பழம் தின்னாத மனுஷி. வேகவேகமாக வாசலேறி வந்தவர், நான் உரைகல்லில் விதையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கிண்ணத்தில் ஊறுகிற விதைகளைப் பார்த்தார். பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்ன நாளில் வராத அழுகை அப்போது வந்தது. வந்த அழுகையை அடக்குவதற்காக அந்த மாதுளம்பழம் அத்தனையையும் நானே உடைத்துத் தின்றேன். ஒரு முத்து மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் கோழிக்குச் சரியான பூஜை நடந்தது.

தேய்த்த விதைகள் ஊறி உப்பி, ஊன்றிய சில நாளில் மண்ணை முட்டிக்கொண்டு எழுந்தன. அந்தத் தம்பிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். புளியங்கன்று போலச் சின்னச் சின்ன இலை. கோழிக்கு என் மேல் என்ன கோபமோ, பாதியைக் கொத்தித் தின்றது. மீதியில் பக்கத்து வீட்டு ஆடு பங்கு கேட்டது. கடைசியில் ஒரே ஒரு கன்று தப்பியது. அதை நடப் போகிறேன் என்று தெரிந்ததும் விசாரணைக் கமிஷன் வந்து வாசலில் உட்கார்ந்தது.

"காய்க்குமா?"

"காய்க்கும். திங்க முடியாது."

"மிளகு ஏத்தலாமா?"

"கூடாது."

"மரச் சாமானுக்கு?"

"ஆவாது. லேசான மரம்."

"பூவைத் தலையில வெக்கலாமா?"

"ஆரும் வெக்கறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குத்தான் புள்ள அது?"

"பூக்கும். பாக்கலாம்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாக்கறதுக்கா!" என்று ஒரு கிழவர் சொன்ன தோரணையில், நான் ஏதோ காபிச் செடிக்குப் பட்டுச் சட்டை தைத்துப் போடப் போகிறேன் என்றிருந்தது. வேறு இடமும் எனக்கு இல்லை. தோட்டத்தில் அங்குலம் விடாமல் மிளகும் காபியும் மரவள்ளியும். மிச்சமிருந்தது வாசல் ஓரம்தான், மிளகு காயப்போடுகிற இடத்தை ஒட்டி. மாமியார் கோழியைக் கூப்பிட்டார். "வாசல்ல நெழல் உழுந்தா மிளகு எங்க காயும்? உன் தலையிலயா?"

வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து குழி தோண்டினார். அவர் பேசுகிற ஆள் இல்லை. வெற்றிலை போடவும் கொட்டாவி விடவும்தான் வாயைத் திறப்பார். தோண்டி முடித்ததும் ஒன்று கேட்டார். "பெருசானதும் ஒரே ஒரு கொடி மட்டும்..."

"ஏத்துனீங்க, நடக்கறதே வேற."

அன்றைக்கே அவரிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த வாசல்ல ஒண்ணும் குடுக்காத இந்த மரத்துக்கு எடம் இருக்கறவரைக்கும் எனக்கும் எடம் இருக்குதுன்னு நெனைச்சுக்குவேன். இதை வெட்டுற அன்னைக்கு நான் சோளக்காட்டுல பஸ் ஏறி எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

"போயிட்டு எப்ப வருவ?"

"வர மாட்டேன்."

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். கிறுக்குத்தனமான பேச்சுத்தான், எனக்கே தெரியும். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்தது.

மரம் வளர்ந்தது. கூரையைத் தாண்டி, குடை மாதிரி விரிந்தது. இலையெல்லாம் பொடிப்பொடி. காற்றடித்தால் காய்கிற மிளகின் மேல் கொட்டும். எத்தனை புடைத்தாலும் மிளகோடு சேர்ந்தே மூட்டைக்குள் போகும். சோளக்காட்டு வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "என்னுங்க, மிளகு ரசத்துக்குக் கொத்தமல்லியும் நீங்களே போட்டுக் குடுத்தர்றீங்களா?" என்று கேட்டார். எல்லாம் செய்தது அந்த மரம், பூப்பதைத் தவிர. மே மாதம் வரும், நான் அண்ணாந்து பார்ப்பேன், கழுத்து வலிக்கும். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ, விதையிலிருந்து வந்ததால் தாமதமோ, தெரியவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை அது ஒரு பூ பூக்கவில்லை.

ஒரு நன்மை நடந்தது. கோழிக்கு விடுதலை கிடைத்தது. மாமியார் இப்போது மரத்திடம் பேச ஆரம்பித்தார். "வளந்தாப் போதுமா? நெட்டையா நின்னுக்கிட்டு, ஒரு பூவு உண்டா, பிஞ்சு உண்டா?" மரம் என்னைவிடப் பொறுமைசாலி. காற்றடிக்கும்போது மட்டும் அவர் தலையில் நாலு இலையைக் கொட்டும்.

போன மிளகு அறுப்பு முடிந்து ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, பெரக்கரை நாட்டில் கொடுத்திருக்கிறது. மூன்று மகன்களைப் பெற்றவர். வரும்போதெல்லாம் எங்கள் தோட்டத்தைக் கண்ணாலேயே மூன்றாகப் பிரித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அந்தத் தடவை மரத்தடியில் வந்து நின்று, இலை விழுந்த மிளகை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"காய்க்காத மரம் ஊட்டு முன்னால நிக்கப்படாது தம்பி. அதான் இந்த ஊடு இப்படிக் கெடக்குது. எடு கோடாலிய. நோம்பிக்கு முன்னால வெட்டிப்போடு."

சொன்னது தம்பியிடம். பார்த்தது என்னை. வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் கோடாலி இருந்தது. சரி, வார்த்தை வார்த்தைதான் என்று நானும் உள்ளே போய், பையை எடுத்து ரெண்டு சேலையை மடித்து வைத்தேன். கட்டியவர் கோடாலியை எடுத்துவிட்ட பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

பையோடு வெளியே வந்தால் அவர் மரத்தடியில் நின்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெட்டறதுக்கு முன்னால ஒருக்கா மெரட்டிப் பாத்தரலாங்க்கா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அந்த முறை மலையிலும் உண்டு, அடிவாரத்திலும் உண்டு. பலாவோ மாவோ காய்க்காமல் ஏமாற்றினால் ஒருத்தர் கோடாலியோடு போய், "காய்க்கறயா, வெட்டிப்போடட்டுமா?" என்று அதட்ட வேண்டும். கூட நிற்கிற இன்னொருத்தர், "வெட்டிப்போடாதீங்க சாமி, வர்ற வருசம் காய்ச்சுரும், நான் ஜாமீன்" என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்க்கும். காய்த்தும் இருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். பூ மரத்துக்கு யாரும் செய்ததாகத்தான் கேள்விப்பட்டதில்லை. பேசாத என் வீட்டுக்காரருக்குள் இவ்வளவு வக்கீல் புத்தி இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜாமீன் கிடைத்தால் அந்த வருசத்துக்கு மரத்தைத் தொட முடியாது. முறை அப்படி.

"நான் நிக்கறேன் ஜாமீன்" என்று பையோடு முன்னால் வந்தேன்.

நாத்தனார் கையை நீட்டித் தடுத்தார். "நீ சொன்னா ஆவாது. புள்ள பெத்தவ சொன்னாத்தான் மரம் காது குடுக்கும்."

அப்படி ஒரு சட்டத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த நிமிசம் அங்கேயே நின்று அவர் இயற்றியிருக்க வேண்டும். எனக்குத் தலைக்கேறியது. "அப்ப நீங்க சொல்லுங்க நங்கையா. மூணு பெத்தவங்கதான?"

"நான் வேத்தூட்டுக்குப் போனவ. இந்த ஊட்டு மரத்துக்கு நான் எப்படிச் சொல்லறது?"

மிச்சமிருந்தது மாமியார் ஒருத்தர்தான். கொஞ்ச தூரத்தில், காய்கிற மிளகைக் காலால் கிளறிக்கொண்டு, எதுவும் காதில் விழாத மாதிரி நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் அவரைக் கூப்பிடவில்லை. கோடாலியைத் திருப்பிப் பின்பக்கத்தால் மரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"காய்க்கறயா, வெட்டிப்போடட்டுமா?"

இலை கொட்டியது. இன்னொரு தட்டு. "காய்க்கறயா, வெட்டிப்போடட்டுமா?" நாத்தனார் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஜாமீனுக்கு ஆளில்ல தம்பி. திருப்பிப் புடி கோடாலிய" என்றார்.

மாமியார் மிளகுக்கு நடுவில் நின்றுவிட்டார்.

"காய்க்கும்னு நான் எப்படிச் சொல்லட்டும்?" என்றார். எனக்குப் பையின் காது கைக்குள் வழுக்கியது. "காய்க்காது. அது எனக்கும் தெரியும். காய்க்காட்டிப் போவுது. இத்தன வருசமா நம்மூட்டுத் தண்ணி குடிச்சிருக்குது. நம்மூட்டுதுதான் அது. ஆரும் கை வெக்கப்படாது."

இதைச் சொல்லும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏம்மா, அப்படிச் சொல்லப்படாதும்மா" என்று நாத்தனார் பதறினார். "வர்ற வருசம் காய்க்கும்னுதான் சொல்லோணும். முறை தப்பிப் போச்சு."

"போனாப் போவுது. நீ போய்க் கை காலக் கழுவிச் சோறு திங்கற வழியப் பாரு."

வீட்டுக்காரர் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்து நின்றிருந்தேன். பையை அணைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே அத்தையின் பக்கத்தில் போய் மிளகின் மேலேயே நின்றுவிட்டேன். அவர் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிச் சுவரோரம் வீசினார்.

"அழுவறதுன்னா தள்ளி நின்னு அழுவு கண்ணு. மிளகு நனையுது."